கடைமடைக்கு ஒரு சஃபாரி

சஃபாரி என்ற சொல்லுக்கு ஹைதராபாத்தில் அகராதி தேவையில்லை. அரபியில் 'சஃபர்' என்றால் பயணம். கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் அரபு வணிகர்களோடு பழகிய ஸ்வாஹிலி மொழி அதைச் 'சஃபாரி' ஆக்கிக்கொண்டது. உருது அப்படியே வைத்துக்கொண்டது. சார்மினார் பக்கத்தில் யாராவது உங்களிடம் 'சஃபர் எப்படி இருந்தது?' என்று கேட்டால், பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று மட்டும்தான் அர்த்தம். ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அதே சொல் திறந்த ஜீப், பைனாகுலர், தூரத்தில் ஒரு சிங்கம் என்று ஆகிவிட்டது. நடுவில் நம் ஊர்த் தையல்காரர்கள் அதற்கு நான்கு பாக்கெட் வைத்துச் சட்டையாகவும் தைத்துக் கொடுத்தார்கள்.

நாச்சாரத்தில் எங்கள் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் சில மாதங்களாக ஒரு சஃபாரி உருவாகிக்கொண்டிருக்கிறது. திட்டமிடுபவர்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து நாற்பது வருடங்களுக்கு முன் இங்கே தொழிற்சாலை வேலைக்கு வந்து, ஓய்வும் பெற்றுவிட்ட ஒரு தம்பதி. அவருக்கு 71 வயது, அந்த அம்மாவுக்கு 66. மகள் யோஹன்னஸ்பர்கில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். பேரனைப் பார்க்க வருகிறவர்கள் அப்படியே ஒரு காட்டையும் பார்த்துவிட்டுப் போகட்டும் என்பது அவள் யோசனை. எல்லோரும் சொல்லும் மசாய் மாராவையும் க்ரூகரையும் ஒதுக்கிவிட்டுப் பெரியவர் தேர்ந்தெடுத்தது போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ டெல்டாவை. ஆங்கிலக் காகிதங்களைப் படித்துச் சொல்கிற வேலை, மொழிபெயர்ப்பாளன் என்பதால், என் தலையில் விழுந்தது.

"ஏன் ஒகவாங்கோ?" என்று கேட்டேன்.

"டெல்டாக்காரன் டெல்டாவைத்தானே பார்க்கணும், தம்பி" என்றார்.

அந்த 'டெல்டா'விலேயே எனக்கு முதல் சிக்கல். பாடப்புத்தகத் தமிழில் அதற்குக் கழிமுகம் என்று பெயர். ஆறு கடலில் கலக்கும் முகம். ஒகவாங்கோவுக்கு அந்த முகமே கிடையாது. அங்கோலாவின் மேட்டு நிலத்தில் குபாங்கோ, குவிட்டோ என்று இரண்டு ஆறுகளாகப் பிறந்து, ஒன்று சேர்ந்து, நமீபியாவின் ஒடுங்கிய நிலப்பட்டையைக் கடந்து, மொஹெம்போ என்ற ஊரில் போட்ஸ்வானாவுக்குள் நுழைகிறது. அங்கிருந்து நூறு கி.மீ. போல ஒரே தடத்தில் வருகிறது. அதன்பின் நிலநடுக்கப் பிளவுகள் தாழ்த்திவிட்ட பள்ளத்தில், கலஹாரி மணலின் மேல், விரித்த கையைப் போலப் பரவி அங்கேயே நின்றுவிடுகிறது. கடல் எந்தப் பக்கமும் நூற்றுக்கணக்கான கி.மீ. தொலைவில். வரும் தண்ணீரில் 95 சதவீதத்துக்கும் மேல் ஆவியாகிறது, அல்லது நாணலும் மரமும் உறிஞ்சிக் காற்றில் விடுகின்றன. நான் 'உள்நாட்டு டெல்டா' என்று எழுதிவிட்டு, திருப்தியில்லாமல் பெரியவரிடம் விளக்கினேன்.

"கடலுக்குப் போகலைன்னா அது கழிமுகம் இல்லை. கடைமடை" என்றார்.

வாய்க்காலின் கடைசி மடை, தண்ணீர் கடைசியாக வந்து சேரும் வயல். காவிரிச் செய்திகளை ஒரு வாரம் படித்த எந்தத் தமிழருக்கும் தெரிந்த சொல். ஒகவாங்கோவைப் பற்றி எத்தனையோ வண்ணப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. இத்தனை சரியான பெயரை அவற்றில் நான் பார்த்ததில்லை.

இதை வைத்துக்கொண்டால் திட்டத்தின் பாதி தானாகவே விளங்கிவிடுகிறது. சஃபாரிக்குப் போகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி எந்த மாதம் போகலாம் என்பது. ஒகவாங்கோவில் உள்ளூர் மழை நவம்பரிலிருந்து மார்ச் வரை. ஆனால் டெல்டா ததும்பி நிற்பது ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில். அதாவது ஒரு சொட்டு மழை இல்லாத, வானத்தில் மேகமே தெரியாத குளிர்காலத்தில். அங்கோலாவில் நவம்பர் முதல் மார்ச் வரை பெய்த மழை ஏப்ரல் வாக்கில் மொஹெம்போவில் உச்சத்தைத் தொடுகிறது. அங்கிருந்து தெற்கே மாவுன் நகரம் வரை சுமார் 250 கி.மீ. தூரத்துக்கு நிலத்தின் சரிவு 60 மீட்டர்தான். தண்ணீர் ஓடுவதில்லை, ஊர்கிறது. நாணலுக்குள் புகுந்து, பள்ளங்களை நிரப்பி, மணலுக்குக் குடிக்கக் கொடுத்து அந்த உச்சம் மாவுனை எட்ட நான்கு மாதம் ஆகிறது.

வெளிநாட்டுப் பயணிகளுக்கு இது விந்தை. தஞ்சாவூர்க்காரருக்கு இது ஜூன் 12. குடகிலும் வயநாட்டிலும் பெய்கிற தென்மேற்குப் பருவமழை கபினியையும் கிருஷ்ணராஜ சாகரையும் நிரப்பி, மேட்டூரைத் தாண்டி, வெயிலில் வெடித்துக் கிடக்கும் டெல்டாவுக்கு வரும். டெல்டாவின் சொந்த மழைக்கு ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும். குறுவை என்ற பயிரே அடுத்தவர் ஊர் மழையை நம்பிப் போட்ட பயிர். அளவில்கூட இரண்டும் ஒப்பிடக் கூடியவை. ஒகவாங்கோ ஆறு ஆண்டுக்குச் சராசரியாகக் கொண்டுவரும் தண்ணீர் சுமார் 10 கன கிலோமீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய 350 டிஎம்சி. காவிரிப் படுகையின் மொத்த நீர் 740 டிஎம்சி என்று நடுவர் மன்றம் 2007-ல் கணக்கிட்டது. அதில் பாதிகூட இல்லாத தண்ணீர்தான், யுனெஸ்கோ 2014-ல் தன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஆயிரமாவது இடமாகச் சேர்த்த இந்த 20,000 சதுர கி.மீ. அதிசயத்தை நடத்துகிறது.

வித்தியாசம் ஒன்று உண்டு. வழியில் மேட்டூர் இல்லை.

பெரியவரின் பிடிவாதத்துக்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றியது. அவருக்குக் கடைமடையில் மூன்று ஏக்கர் இருந்தது. அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். 2002-ல் காவிரி கைவிட்டபோது குறுவை போயிற்று. அடுத்த ஆண்டும் அப்படியே. அண்ணன் காலமான பிறகு விற்றுவிட்டார். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூரை ஜூன் 12-ல் திறக்க முடியவில்லை என்பதை, நிலம் கைவிட்டுப் போன பின்னும், விரல் விட்டுச் சொல்கிறார். காய்ந்த மண்ணில் தண்ணீரின் முதல் நாக்கு நீண்டு வருவதைச் சிறுவயதில் வரப்பில் நின்று பார்த்தவர். இன்னொரு தடவை பார்க்க வேண்டும், அது எந்த நாடாக இருந்தால் என்ன என்பது அவர் கணக்கு. முழங்கால் இன்னும் இரண்டு வருடம்தான் ஒத்துழைக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அந்த அம்மாவுக்கு இந்த உருக்கம் எதுவும் இல்லை. "தண்ணியப் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா? யானை வருமா, சொல்லுங்க" என்றார்.

வரும். 2022-ல் ஐந்து நாடுகள் சேர்ந்து விமானத்திலிருந்து எடுத்த கணக்கில் போட்ஸ்வானாவில் மட்டும் சுமார் 1,31,900 யானைகள். நாட்டின் மக்கள்தொகை அதே ஆண்டு சுமார் 23.6 லட்சம், ஹைதராபாத்தின் ஒரு மூலையில் அடங்கிவிடுவார்கள். இந்தியா முழுவதற்கும் 2017 கணக்கெடுப்பு சொன்ன எண்ணிக்கை முப்பதாயிரத்தைத் தொடவில்லை. ஆனால் யானை பார்ப்பதற்கும் தண்ணீர் பார்ப்பதற்கும் உகந்த மாதங்கள் ஒன்றல்ல. செப்டம்பர், அக்டோபரில் வெயில் கொளுத்தும், குட்டைகள் வற்றும், மிருகங்கள் மிச்சமிருக்கும் தண்ணீரைச் சுற்றிக் கூடும். படமெடுப்பவர்களுக்கு அதுதான் காலம். ஜூலையில் தண்ணீர் விரிந்து கிடப்பதால் மிருகங்களும் விரிந்து கிடக்கும். வீட்டில் நடந்த பேச்சுவார்த்தையின் முடிவில் ஆகஸ்ட் முதல் வாரம் என்று ஒப்பந்தமானது. மாவுனில் வெள்ளம் உச்சத்தில் இருக்கும் வாரம். காலண்டரைப் பார்த்தால் ஆடிப்பெருக்கு.

அடுத்தது பணம். போட்ஸ்வானாவின் நாணயத்துக்குப் 'புலா' என்று பெயர். ஸெட்ஸ்வானா மொழியில் மழை என்று பொருள். வாழ்த்துச் சொல்லும் அதுவே. மழையைப் பணமாக அச்சிட்ட தேசத்தை மெச்சத்தான் வேண்டும், ஆனால் பயணியிடம் அவர்கள் கேட்பது அமெரிக்க டாலர். 1990-ல் வகுத்த சுற்றுலாக் கொள்கையில் அந்த நாடு ஒரு முடிவு எடுத்தது: குறைவான ஆட்கள், நிறையப் பணம். டெல்டாவின் உள்ளே சிறு விமானத்தில் போய் இறங்கும் முகாம்களில் குளிர்காலக் கட்டணம் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல். பெயர்பெற்ற சிலவற்றில் அதைப்போல மூன்று மடங்கு. தரைக்கு மேல் எழுப்பிய மரத்தளத்தில் கித்தான் கூடாரம், அதற்குள் பித்தளைக் குழாய் வைத்த குளியல் தொட்டி, வெளியே நீர்யானை. இந்தியாவின் பெரிய பணக்காரர்கள் போய்வருகிறார்கள். ஓய்வூதியக்காரர்கள் வேறு வழி பார்க்க வேண்டும்.

வழி இருக்கிறது, விளம்பரங்களில் அதிகம் தென்படாவிட்டாலும். மாவுனில் ஒரு சாதாரண விடுதியில் தங்கிக்கொள்ளலாம். அங்கிருந்து மொகோரோ என்ற ஓடத்தில் ஒரு நாள் டெல்டாவுக்குள் போய்வரலாம். ஓட்டுகிறவர் பின்னால் நின்றுகொண்டு நீண்ட கழியால் உந்துவார். பிச்சாவரத்தில் அலையாத்திக் காட்டுக்குள் போனவர்களுக்குச் சாயல் பிடிபடும். முன்பெல்லாம் ஒரே மரத்தைக் குடைந்து செய்தார்கள். பெரிய மரங்கள் தீர்ந்துபோகக்கூடாது என்பதற்காக இப்போது பெரும்பாலும் ஃபைபர் கண்ணாடி. உள்ளூர்க் கிராமங்கள் அறக்கட்டளை அமைத்துத் தாங்களே இதை நடத்துகின்றன. காசு கிராமத்துக்குப் போகிறது. சிக்கல், ஓடத்தில் காலை நீட்டித் தண்ணீர் மட்டத்தில் உட்கார வேண்டும். முழங்கால்காரருக்கு அரை நாள்தான் தாங்கும். அரை நாள் என்று முடிவாயிற்று. அதன்பின் மாவுனிலிருந்து ஒரு மணி நேரம் சிறு விமானத்தில் வட்டமடித்துப் பார்க்கலாம். டெல்டாவின் உருவம் மேலிருந்துதான் புரியும். மிச்சம் இரண்டு இரவுகள், சாலை வழியாகவே எட்டக்கூடிய, மொரேமி காப்பகத்தின் வட எல்லையிலுள்ள க்வாய் பகுதியில் ஒரு நடுத்தர முகாம். குளிர்கால இடங்கள் ஒரு வருடம் முன்பே நிரம்பிவிடுகின்றன. எனவே 'அடுத்த ஆகஸ்ட்' என்றால் இந்த ஆகஸ்டிலேயே பணம் கட்ட வேண்டும்.

மொரேமிக்கு ஒரு கதை உண்டு. அந்தப் பகுதி படவானா மக்களுடைய வேட்டைக்காடு. வெள்ளைக்கார வேட்டைக்காரர்களின் துப்பாக்கிகள் பெருகிக் காட்டைக் காலி செய்துகொண்டிருந்த நேரத்தில், இறந்துபோன தலைவரின் மனைவி புலானே மொரேமி பொறுப்பில் இருந்தார். அவர் தலைமையில் ஊர் கூடி, தங்கள் நிலத்தின் ஒரு பகுதியைத் தாங்களே காப்பகமாக ஒதுக்கினார்கள். ஆண்டு 1963. நாடு சுதந்திரம் அடைய இன்னும் மூன்று வருடம் இருந்தது. ஹைதராபாத்தில் நேரு விலங்கியல் பூங்காவைத் திறந்ததும் அதே 1963-ல்தான். நாம் மிருகங்களைக் கொண்டுவந்து கம்பிக்குள் வைத்தோம் என்று நீட்டிப் பேச ஆசையாக இருக்கிறது. ஆனால் மொரேமியிலும் எல்லாம் சுத்தமில்லை. காப்பகத்துக்காக, அங்கே தலைமுறைகளாக வாழ்ந்துவந்த பஸார்வா குடியினரை எல்லைக்கு வெளியே நகர்த்தினார்கள். இன்றைய க்வாய் கிராமத்தில் இருப்பவர்கள் பலர் அவர்களின் வாரிசுகள். தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தக் கிராமத்துக்கு என்ன போகிறது என்று கேட்டு ஒரு கடிதம் எழுதினோம். பதில் வந்தது. எல்லா முகாம்களிடமிருந்தும் வரவில்லை.

மருத்துவ விஷயத்தில் ஹைதராபாத்துக்காரர் வெட்கப்பட வேண்டியதில்லை. மலேரியாவின் ரகசியம் உடைந்த ஊர் இது. 1897 ஆகஸ்ட் 20-ம் தேதி செகந்திராபாதில் ரொனால்ட் ராஸ் ஒரு கொசுவின் வயிற்றைக் கிழித்துப் பார்த்து மலேரியாக் கிருமியைக் கண்டார். பேகம்பேட் பக்கத்தில் அந்தக் கட்டடம் இருக்கிறது. ஒகவாங்கோவில் குளிர்காலத்தில் கொசு குறைவு என்றாலும் தடுப்பு மாத்திரை பற்றி டாக்டரிடம் பேசாமல் கிளம்பக்கூடாது. மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. போட்ஸ்வானாவில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது. தென்னாப்பிரிக்காவிலும் கிடையாது. ஆனால் மலிவான டிக்கெட்டுகள் பல அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகப் போகின்றன. எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் நாடுகள். அங்கே விமான நிலையத்தை விட்டு ஓர் இரவு வெளியே தங்கிவிட்டு, தடுப்பூசிச் சான்று இல்லாமல் ஆறு நாளுக்குள் இந்தியாவில் வந்து இறங்கினால் மிச்ச நாளுக்குத் தனிமைப்படுத்தும் அதிகாரம் நம் சுகாதார அதிகாரிக்கு உண்டு. நாராயணகூடாவில் உள்ள நோய்த் தடுப்பு நிலையத்தில் ஊசி போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பு போட்டால்தான் சான்று செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும் என்று 2016 முதல் விதி. வயதானவர்களுக்கு இந்த ஊசி எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. அறுபதைத் தாண்டியவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. எங்கள் தம்பதிக்கு டாக்டர் ஊசி வேண்டாம் என்றார். மகள் சற்று விலை கூடினாலும் வளைகுடா வழியாக டிக்கெட் எடுத்தாள். போட்ஸ்வானாவுக்கு இந்தியர் விசா எடுப்பது பற்றிய விதிகளை டெல்லியில் உள்ள அவர்கள் தூதரகத்திடமே கேட்டுக்கொள்வது நல்லது. நண்பர் சொன்னார், ஏஜென்ட் சொன்னார் என்பதெல்லாம் உதவாது.

மூட்டை முடிச்சிலும் ஒரு சண்டை நடந்தது. சிறு விமானத்தில் போகிறவர்களுக்குக் கைப்பையோடு சேர்த்து 20 கிலோதான் பொதுவான வரம்பு. அதுவும் சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியாக இருக்கக்கூடாது, மடங்குகிற துணிப்பையாக இருக்க வேண்டும். நம்மவர்கள் வட்டமடிக்க மட்டும் விமானம் ஏறுவதால் தப்பித்தார்கள். ஆவக்காய் ஜாடி போகிறது. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் பருத்திச் சேலைகளை எடுத்து வைத்த அம்மாவிடம், ஜூலை, ஆகஸ்டில் விடியற்காலைத் திறந்த ஜீப்பில் உடம்பு விறைக்கும், இரவில் வெப்பநிலை பத்து டிகிரிக்கும் கீழே போகும் என்று சொல்லி ஸ்வெட்டர் எடுக்கவைக்க வேண்டியிருந்தது. சைவச் சாப்பாடு முன்கூட்டிச் சொன்னால் கிடைக்கும். தயிர் சாதம் பற்றி முகாமுக்கு நானே எழுதினேன். அரிசியும் தயிரும் தனித்தனியாக இருக்கின்றன என்று பதில் வந்தது.

வழியில் சோதனைச்சாவடிகளில் வண்டியை நிறுத்தி இறைச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். செருப்பை மருந்துத் தண்ணீரில் நனைக்கச் சொல்வார்கள். காட்டெருமையிடமிருந்து கோமாரி மாடுகளுக்குப் பரவிவிடக்கூடாது என்பதற்காக டெல்டாவின் தெற்கு ஓரத்தில் நெடுக வேலி போட்டிருக்கிறார்கள். அதற்கு முன் டெல்டாவை மாடுகளிடமிருந்து காப்பாற்றியது ஓர் ஈ. ட்ஸெட்ஸி ஈ கடித்தால் மாடு செத்தது, மனிதருக்குத் தூக்க நோய் வந்தது. யாரும் உள்ளே குடியேறவில்லை. 2001, 2002-ம் ஆண்டுகளில் விமானத்திலிருந்து மருந்து தெளித்து ஈயை ஒழித்தார்கள். ஈயின் வேலையை இப்போது வேலி செய்கிறது.

அங்கே போவதற்கு முன் கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டாமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைச் சங்காரெட்டி பக்கம் மஞ்சிரா சரணாலயத்துக்கு அழைத்துப் போனேன். ஹைதராபாத்துக்குக் குடிநீர் தரும் மஞ்சிரா ஆற்றில், முதலைகளுக்காக 1978-ல் ஏற்படுத்திய சரணாலயம். கரையில் மரக்கட்டை போலக் கிடந்த ஒன்று வாயைத் திறந்தபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பறவைகளில் ஒகவாங்கோவின் பாதிப் பாடத்தை இங்கேயே படித்துவிடலாம். தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று செங்குத்தாக விழுகிற கருப்பு வெள்ளை மீன்கொத்தி இரண்டு இடத்திலும் ஒரே இனம். அரிவாள் மூக்கனும் நெடுங்கால் உள்ளானும் அப்படியே. நத்தை குத்தி நாரைக்கும் இலை மேல் நடக்கும் தாமரைக்கோழிக்கும் அங்கே ஒன்றுவிட்ட உறவினர்கள். அமூர் வல்லூறு இன்னும் ஒருபடி மேல். சைபீரியா, வடசீனப் பக்கத்திலிருந்து கிளம்பி, அக்டோபரில் நாகாலாந்தில் இறங்கி இளைப்பாறி, தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, அரபிக்கடலை ஒரே மூச்சில் தாண்டித் தென்னாப்பிரிக்கப் புல்வெளிகளுக்கும் போட்ஸ்வானாவுக்கும் போகிறது. 150 கிராம் எடைகொண்ட பறவை. அதன் பயணத் திட்டத்தை எழுதிக்கொடுக்க மொழிபெயர்ப்பாளன் தேவைப்படவில்லை.

நாச்சாரத்திலும் ஒரு பெரிய ஏரி உண்டு. பெத்த செருவு என்பார்கள். ஒருபக்கம் தொழிற்பேட்டை, ஒருபக்கம் எச்.எம்.டி. நகர், என்.டி. ராமராவ் கட்டிய ஸ்டூடியோவும் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் இதே பேட்டைதான். ஏரிக்கு மேலேயிருந்து வருவது சாக்கடை. மேலே மூடிக் கிடப்பது பெரும்பாலும் ஆகாயத்தாமரை. மாலை ஆறு மணிக்குக் கொசு. பெரியவர் தினமும் அந்தக் கரையில்தான் நடக்கிறார். ஒகவாங்கோவிலும் களை உண்டு என்று நான் சொன்னபோது அவருக்கு ஒரு அற்ப சந்தோஷம். கேரளத்தில் காயல்களை அடைத்துக்கொண்டிருந்த 'ஆப்பிரிக்கப் பாயல்' என்ற மிதக்கும் பெரணி ஒகவாங்கோ கால்வாய்களையும் பிடித்தது. உண்மையில் அது பிரேசில் நாட்டுச் செடி. பழியை ஆப்பிரிக்காவின் மேல் போட்டவர்கள் நாம். இரண்டு இடத்திலும் அதைக் கட்டுப்படுத்தியது ஒரே ஒரு சின்னக் கூன்வண்டு.

ஒரு விஷயத்தில் மட்டும் பெரியவரோடு எனக்கு வாக்குவாதம் வந்தது. 95 சதவீதம் தண்ணீர் ஆவியாகப் போகிறது என்று படித்துக் காட்டியதும் அவர் முகம் சுருங்கிற்று. "அவ்வளவும் வீண்தானே? ஒரு அணை கட்டி வைத்திருந்தால்..." என்றார். வயலைத் தண்ணீர் இல்லாமல் இழந்தவர் அப்படித்தான் கேட்பார். போட்ஸ்வானா அரசின் பொறியாளர்களும் அதையே கேட்டார்கள். 1980-களின் இறுதியில், டெல்டாவின் தென்பகுதியில் போரோ ஆற்றின் ஒரு பகுதியைத் தூர்வாரி ஆழப்படுத்தி, தேக்கங்கள் கட்டி, மாவுனுக்குக் குடிநீரும் பாசனமும், ஒராப்பா வைரச் சுரங்கத்துக்குத் தண்ணீரும் தருவதாகத் திட்டம் போட்டார்கள். 1991 ஜனவரியில் மாவுனில் கோட்லா கூடியது. மரத்தடியில் ஊர் கூடிப் பேசும் சபை அது. பழந்தமிழில் மன்றம் என்று நாம் சொன்னதும் இதைத்தான். அரசின் பிரதிநிதிகள் முன்னால் மக்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து வேண்டாம் என்றார்கள். மீன் பிடிக்கிறவர், நாணல் வெட்டுகிறவர், வெள்ளம் வடிந்த ஈரத்தில் சோளம் விதைக்கிறவர். பொறியாளரின் கணக்கில் வீணாகிற தண்ணீரில்தான் இவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். அரசு திட்டத்தை நிறுத்திவைத்தது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் ஆராய்ந்து அறிக்கை தந்த பிறகு 1992-ல் கைவிட்டது. நம் டெல்டாவில் தூர்வாரக் கோரி மறியல் நடக்கும். அந்த டெல்டாவில் தூர்வாராதே என்று மறியல்.

தண்ணீர் ஆவியாவது அங்கே ஒரு பெரிய வேலையும் செய்கிறது. இவ்வளவு தண்ணீர் ஆவியானால் உப்பு மிஞ்ச வேண்டும், டெல்டா உப்பளமாக வேண்டும். ஆகவில்லை. கரையான் புற்றைச் சுற்றி மண் சேர்ந்து தீவு உண்டாகிறது. தீவின் ஓரத்து மரங்கள் தண்ணீரை உறிஞ்சி இழுக்க, உப்பு தீவின் நடுவில் போய்ச் சேர்ந்து அடங்குகிறது. நடுத்திடல் வெளுத்துப்போய் ஒன்றும் முளைக்காமல் கிடக்கும். சுற்றிலும் ஓடுகிற தண்ணீர் குடிக்க நன்றாக இருக்கும். மாதக்கணக்கில் நாணலைத் தள்ளி நடந்து வாய்க்கால் போடுகிற வேலை நீர்யானைக்கு. பெரியவர் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்கச் சொன்னார். அணையைப் பற்றி அப்புறம் பேசவில்லை. ஒப்புக்கொண்டாரா என்று தெரியாது.

மேலே இருப்பவர்கள் அனுமதிக்கும் வரைதான் இதெல்லாம். அங்கோலாவில் 1975 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போர் எத்தனையோ உயிர்களைத் தின்றது. நதிமூலத்தில் கண்ணிவெடி இருந்ததால் அணை கட்டவும் யாரும் போகவில்லை. நமீபியா 1996-ன் பஞ்சத்தில் இந்த ஆற்றிலிருந்து குழாய் போட்டுத் தலைநகர் பக்கம் தண்ணீர் கொண்டுபோகத் திட்டமிட்டது. அடுத்த வருடம் மழை பெய்தது, திட்டம் அலமாரிக்குப் போயிற்று. 2021-ல் அதே நமீபியாவின் கவாங்கோ பகுதியில் ஒரு கனடா நிறுவனம் எண்ணெய் தேடிச் சோதனைக் கிணறு தோண்டத் தொடங்கியது. மூன்று நாடுகளும் 1994-ல் ஒரு கூட்டு ஆணையம் அமைத்துக்கொண்டன. இன்றுவரை பேசிக்கொண்டிருக்கின்றன. நம் பக்கம் காவிரி நடுவர் மன்றம் 1990-ல் அமைந்தது, உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு 2018-ல் வந்தது. அங்கோலாவும் மின்சாரமும் விளைநிலமும் தேவைப்படுகிற நாடுதான். கர்நாடகத்து விவசாயிக்கு இருக்கும் நியாயம் அங்கோலா விவசாயிக்கும் இருக்கிறது என்பதால் இதில் வில்லனைத் தேடிப் பயனில்லை. ஆனால் அங்கே ஒரு பெரிய அணை எழும்பினால் மாவுனில் ஆகஸ்ட் மாதம் என்ன இருக்கும் என்பதை ஊகிக்கத் திருத்துறைப்பூண்டிக்காரருக்கு நிபுணர் தேவையில்லை.

இயற்கையே கையை மூடிக்கொள்வதும் உண்டு. 1849 ஆகஸ்டில் லிவிங்ஸ்டன் பார்த்த ங்காமி ஏரி பின்னர் பல தடவை வற்றி நிரம்பி வற்றியிருக்கிறது. சவூட்டி கால்வாய் 1982-ல் நின்றுபோய், இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல் காய்ந்து கிடந்து, பிறகு திடீரென்று ஓடியது. 2019-ல் வெள்ளம் மிக மோசமாகக் குறைந்தது. அந்த ஆகஸ்டில் பணம் கட்டிப் போனவர்கள் மணலைத்தான் பார்த்தார்கள். முகாம்கள் தண்ணீருக்கு உத்தரவாதம் தருவதில்லை. முன்பணம் திரும்ப வராது என்று படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அதையும் தமிழில் சொன்னேன். பெரியவர் கையெழுத்துப் போட்டார்.

மாவுனில் உள்ள ஒகவாங்கோ ஆராய்ச்சி நிலையம் மொஹெம்போவில் ஆறு எவ்வளவு வருகிறது என்று அளந்து வெளியிடுகிறது. கன மீட்டர் கணக்கு. மகள் அவருடைய போனில் அது வரும்படி செய்து கொடுத்திருக்கிறாள். காலையில் காபியோடு மேட்டூர் நீர்மட்டம் பார்க்கிற மனிதர், இப்போது அடுத்து மொஹெம்போவையும் பார்க்கிறார். நேற்று படியேறி வந்து கன மீட்டரைக் கன அடியாக்க எத்தனையால் பெருக்க வேண்டும் என்று கேட்டார். முப்பத்தைந்தால் பெருக்குங்கள், கொஞ்சம் கூட வரும் என்றேன்.